ஊருக்குச் சோறு போட்டவனின் சால்வை

அச்சுவேலியில் என் மில்லில் அரைத்த மிளகாய்த்தூள் லண்டன், கனடா என்று போய்ச் சேராத இடமில்லை. பிள்ளைகளை வெளியில் அனுப்பிய தாய்மார் எல்லோரும் செத்தல் மிளகாயை வறுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். வெறுங்கையோடு தொடங்கிய ஆள் நான். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொழும்பில் என் கடை எரிந்தது. நானும் மனிசியும் உடுத்த உடுப்போடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினோம். சில வருடத்துக்குள் இரண்டு மெசின், ஒரு டீசல் என்ஜின், ஒரு லொறி. அதில் ஒன்றுகூட யாரும் தூக்கித் தந்ததல்ல. படிப்பு மூன்றாம் வகுப்பு. வகுப்பில் என்னை வாங்கிலில் இருக்கவிடவில்லை. நிலத்தில் இருந்து படித்தது போதும் என்று எழும்பி வந்துவிட்டேன். இதை எழுதவும் நான் ஆள் பிடிக்கவில்லை. என் கையாலேயே எழுதுகிறேன்.

மில்லுக்கு ஊர் முழுக்க வரும். ஆனால் என் வீட்டில் ஊர் கை நனைக்காது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: நான் பிறந்த சாதியின் அடுப்பில் வெந்ததை அவர்கள் சாப்பிட மாட்டார்கள். நல்லது கெட்டது என்றால் வருவார்கள், கதிரையில் இருப்பார்கள், சோடா மட்டும் குடிப்பார்கள். அதுவும் போத்தலை அவர்களுடைய கண்ணுக்கு முன்னால் திறக்க வேண்டும். கிளாசில் ஊற்றக்கூடாது. கம்பனியில் அடைத்த தண்ணீருக்குச் சாதி இல்லையாம். என் மெசினில் அரைத்த தூளுக்கும் இல்லை. சோற்றுக்குத்தான் இருக்கிறது. இது என்ன நியாயம் என்று இன்றுவரைக்கும் ஒருவரும் எனக்குச் சரியாக விளங்கப்படுத்தவில்லை.

எண்பத்தெட்டில் மேல்மாடி வைத்து ஒரு வீடு கட்டத் தொடங்கினேன். ஷெல் விழுகிற காலத்தில் மாடி கட்டுகிறான் விசரன் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன். எனக்கு ஒரு ஆசைதான் இருந்தது. புதுவீட்டுக் குடிபூரல் அன்று என் முற்றத்தில் பந்தி போட வேண்டும், என் அப்பு 'நயினார்' என்று குனிந்து கூப்பிட்ட ஆட்களின் பிள்ளைகள் அந்தப் பந்தியில் இருந்து என் மனிசி பரிமாறுகிற சோற்றைச் சாப்பிட வேண்டும். அதற்காகத்தான் வீடு. மாடி இல்லாவிட்டாலும் நான் நித்திரை கொண்டிருப்பேன்.

அந்த நாளில் இந்தியாவிலிருந்து வந்த ஆமி எங்கள் பக்கத்தில் ஒரு முகாம் போட்டிருந்தது. அந்தக் காலத்துச் சாவுகளையும் காணாமல் போனவர்களையும் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரு ஆளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முகாமின் குசினியில் வேலை செய்த சிப்பாய் ஒருவன் ஒரு நாள் மில்லுக்கு வந்தான். வாசலில் துவக்கோடு இன்னொருவன் நின்றான். உள்ளே வந்தவனுக்குக் கட்டையான உடம்பு, சின்னக் கண், வட்ட முகம். அரிசி மாவுக்கு நின்ற பெண்கள் பைகளையும் விட்டுவிட்டு ஒதுங்கிவிட்டார்கள். ஒருத்தி மற்றவளிடம் மெதுவாக, "உவங்கள் ஆரடி? சீனாக்காரரும் வந்திட்டாங்களோ?" என்றாள்.

அவன் ஒரு சின்னத் துணிப்பையை நீட்டினான். உள்ளே காய்ந்து சுருங்கிய மிளகாய். எங்களுடையதைப் போல நீளமில்லை, குண்டு. கொழும்பில் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் நான் இங்கிலீசு பொறுக்கியிருந்தேன். "இது மிளகாயோ, கத்தரிக்காய் வத்தலோ?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். மெசினில் போடாதே, கையால் இடிக்கலாமா என்று கேட்டான். யாரிடம் சொல்கிறான்! யாழ்ப்பாணத்து உறைப்பில் பிறந்தவனிடம் அவன் மிளகாயைப் பற்றிச் சொல்கிறான். எடுத்து மெசினில் கொட்டினேன்.

என்ஜினை நிற்பாட்ட எனக்கு வழி தெரியவில்லை. தூள் புகையாய்க் கிளம்பி, கண் திறக்க ஏலாது. வெளியில் ஒதுங்கி நின்ற பெண்கள் தும்மித் தும்மி ரோட்டுக்கு ஓடினார்கள். துவக்குக்காரன் சாக்கால் முகத்தை மூடினான். அன்றைக்கு மாவரைத்தவர்கள் எல்லோரும் உறைப்புப் புட்டுத்தான் சாப்பிட்டிருப்பார்கள். என் மனிசி வீட்டிலிருந்து ஓடிவந்து வாசலில் நின்று கத்தினாள்: "இஞ்சருங்கோ! என்ன குண்டு போட்டுட்டாங்களோ?"

"குண்டில்லையடி. கறிக்குப் போடுற சாமான்."

அப்படித்தான் அவனோடு பழக்கம் வந்தது. முகாமுக்கு மல்லியும் மிளகாயும் அரைக்க ஒவ்வொரு கிழமையும் அவன்தான் வருவான். ஆமியோடு கதைத்தால் இயக்கத்துக்குப் பயம், கதைக்காவிட்டால் ஆமிக்குப் பயம். நான் என்ஜின் சத்தத்துக்குள் கதைத்தேன்.

ஊர் எது என்று ஒரு நாள் கேட்டேன். இந்தியாவின் கிழக்கு மூலையில், பர்மாவுக்குப் பக்கத்தில், மலைக்கு மேலே என்றான். தன் இனத்தின் பெயர் ஒன்று சொன்னான். அது என் நாக்கில் நிற்கவில்லை. எல்லோரையும் சேர்த்து நாகா என்பார்களாம். என் மனிசி உடனே, "நாகதம்பிரானைக் கும்பிடுற ஆக்களோ எண்டு கேளுங்கோ," என்றாள். கையைப் பாம்பைப் போல நெளித்துக் காட்டிக் கேட்டேன். "பாம்பா?" என்று யோசித்தான். "சாப்பிடுவோம். ருசி." மனிசி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் என் பக்கம் திரும்பி, தான் வேதக்காரன், அவனுடைய மலை முழுக்க இப்போது சேர்ச்தான் என்றான். அமெரிக்கப் பாதிரிமார் வந்து மாற்றினார்களாம். எனக்கு ஆச்சரியமாய்ப் போய்விட்டது. எங்களுடைய வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் பள்ளிக்கூடம் கட்டியதும் அமெரிக்கப் பாதிரிமார்தான். அவர்கள் அவ்வளவு தூரம் போய் மலையும் ஏறியிருக்கிறார்கள்.

அவனுடைய சட்டைப் பைக்குள் ஒரு படம் இருந்தது. ஒரு முதியவர், பக்கத்தில் அவருடைய மனிசி, பின்னால் ஒரு வீடு. வீட்டின் கூரை உச்சியில் இரண்டு பலகை, மாட்டுக் கொம்பைப் போல ஒன்றுக்குமேல் ஒன்று குறுக்காக நின்றது. முதியவர் ஒரு சால்வை போர்த்தியிருந்தார். கறுத்த துணியாம், கரையில் சிவப்பும் பச்சையும், நடுவில் மாட்டுத் தலை, ஈட்டி, மயில் என்று நூலால் போட்டிருந்தது. படத்தில் எல்லாம் சாம்பல் நிறம்தான், அவன் நிறம் நிறமாய் விரலால் காட்டினான்.

"என் தாத்தா. இந்தச் சால்வையை எல்லோரும் போர்த்த முடியாது."

"ஏன்? விலையோ?"

"விலை இல்லை. ஊருக்கு விருந்து வைத்தவன் மட்டும்."

அதற்குப் பிறகு அவன் பாதி இங்கிலீசிலும் பாதி கையாலும் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். ஒருத்தன் உழைத்து அவனுடைய நெற்கூடை நிறைந்தால், அதை வைத்துக்கொண்டு அவன் பெரிய மனிதனாக முடியாதாம். கொடுக்க வேண்டும். மாடு, பன்றி, அரிசி, அரிசியில் வடித்த கள், எல்லாம். ஊர் முழுக்க வந்து தின்று குடித்து முடிக்க வேண்டும். இன்ன குடும்பத்துக்கு மாட்டின் இன்ன பங்கு என்று முறை இருக்கிறது. அதற்கு முதல் விருந்துக்காரனும் மனிசியும் எங்கள் கோயில் கொடியேற்றத்துக்குப் பிடிப்பதைப் போல விரதம் பிடிக்க வேண்டும். மனிசி இல்லாதவன் விருந்து வைக்க முடியாது. கள்ளு வடிப்பது அவள், அவள் சம்மதிக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. பெரிய விருந்து வைத்தவனுக்கு ஊர் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து, பாட்டுப் பாடி, ஒரு பெரிய கல்லை இழுத்துக்கொண்டு வந்து வழியில் நட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் கூரையில் கொம்பு. அதற்குப் பிறகுதான் சால்வை. முடிகிறபோது அவனிடம் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் சாகும்வரைக்கும் அவன் நடந்து வந்தால் எல்லோரும் வழிவிடுவார்கள்.

இதைத்தானே நான் முப்பது வருடமாய்த் தேடுகிறேன்! சரியான ஊரில் பிறக்காமல் பிழையான ஊரில் பிறந்துவிட்டேனே என்று வந்தது.

"தம்பி, ஊருக்குப் போனால் எனக்கொரு சால்வை அனுப்பு. என்ன விலையெண்டாலும் தாறன்."

அவன் முகம் மாறியது. "விற்க மாட்டோம்."

"சரி, சும்மா தா. என்னைப் பார். வெறுங்கையாலை இவ்வளவும் செய்தவன். உன்ரை தாத்தாவிலும் பார்க்க நான் என்ன குறைச்சல்?"

"என் அப்பாவுக்கே இல்லை. எனக்கும் இல்லை. பாதிரிமார் கள்ளை நிறுத்தினார்கள், விருந்தும் நின்றுவிட்டது. நாங்கள் போர்த்த மாட்டோம்." படத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டான்: "நீ உன் ஊருக்குச் சோறு போட்டாயா?"

எனக்குக் கோபம் வந்தது. "நான் போட மாட்டன் எண்டு ஆர் சொன்னது? அவங்கள் திங்க மாட்டாங்கள்!"

"ஏன்? ருசி இல்லையா?"

"என்ரை மனிசியின்ரை கைப்பக்குவம் உனக்கென்ன தெரியும்!"

"அப்படியென்றால் நீ ஏதோ பிழை செய்திருக்கிறாய். எங்கள் ஊரில் ஒரு வீடு வராவிட்டால் விருந்தைத் தள்ளிவைத்து, அந்த வீட்டுக்குப் போய் என்ன பிழை என்று கேட்போம்."

சாதி என்பதற்கு இங்கிலீசில் எனக்குச் சொல் தெரியாது, தமிழில் சொன்னாலும் அவனுக்கு விளங்காது. "நான் ஒரு பிழையும் செய்யேல்லை. பிறந்தனான், அவ்வளவுதான்," என்றேன். பிறகு ஆத்திரத்தில் கேட்டேன்: "உங்கடை மலையிலை எல்லாரும் ஒண்டோ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். பழைய காலத்தில் சண்டையில் பிடித்து வந்த ஆட்களின் வம்சம் என்று சிலரைச் சொல்வார்களாம், அவர்கள் கல் நட முடியாதாம். "அவையளும் விருந்திலை சாப்பிடுவினமோ?" என்றேன். "சாப்பிடுவார்கள்." "அவையளின்ரை வீட்டிலை நீங்கள்?" அவன் யோசித்து, "இப்போது, ஓம்," என்றான். அந்த 'ஓம்' ஒன்றை மட்டும் எங்கள் ஆட்களைப் போலவே சொல்லப் பழகியிருந்தான்.

வீடு பூச்சு வேலைக்கு வந்தபோது கோயில் தர்மகர்த்தா என்னைத் தேடி மில்லுக்கு வந்தார். என் அப்பு அவருடைய தகப்பனின் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கத் துலா மிதித்தவர். நான் அவரை 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒவ்வொரு முறையும் கேட்காததைப் போல இருப்பார்.

"குடிபூரலுக்குப் பெரிய எடுப்பாம். கேள்விப்பட்டன்."

"ஓம் அண்ணை. ஊருக்கே சாப்பாடு."

"நல்லது. அதுக்கு நானொரு ஒழுங்கு சொல்லுறன். கோயில் மடத்திலை சமைப்பம். சாமான் உம்மடை. சமையல் எங்கடை ஆள். ஊரும் சாப்பிடும், மைக்கிலை உம்மடை பேரும் சொல்லுவம். ஒருத்தருக்கும் சங்கடமில்லை."

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்துவிட்டது. மைக்கில் என் பெயர், ஊர் முழுக்க என் அரிசி. தலையை ஆட்டிவிட்டேன். பின்னேரம் சிப்பாய் வந்தபோது பெருமையாய்ச் சொன்னேன். ஊர் சாப்பிடப் போகிறது, பார், என்று.

அவன் கேட்டது ஒன்றுதான். "யாருடைய அடுப்பு?"

"கோயில் அடுப்பு."

"உன் மனைவி பரிமாறுவாளா?"

மனிசி பின்னால் நின்றவள். அவளுக்கு இங்கிலீசு தெரியாது, ஆனால் என் முகம் தெரியும். "என்னவாம்?" என்றாள். சொன்னேன். "கேட்டானே ஒரு கேள்வி! மடத்துக் குசினிக்குள்ளை என்னை விடுவாங்களோ? வெளியிலை தூணோடை நிண்டு பார்க்கவேணும். எங்கடை அரிசியை எங்களுக்கே எட்டத்திலை வைச்சுப் போடுவாங்கள்," என்று சொல்லிவிட்டு அவனைப் பார்த்துத் தமிழிலேயே, "தம்பி, வா, ஒருக்காச் சாப்பிட்டிட்டுப் போ," என்றாள்.

பூச்சு காயாத வீட்டில், சீமெந்துப் பையின்மேல் இருந்து அவன் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டான். கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். குடும்பத்துக்கு வெளியே அந்த வீட்டில் முதல் கை நனைத்தவன் அவன்தான். கொஞ்ச நாளில் அவர்களுடைய முகாமை மாற்றினார்கள். லொறியில் நின்றபடி கையைக் காட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவனை நான் காணவில்லை. சால்வையும் வரவில்லை. வராதென்று எனக்குத் தெரியும், ஆனாலும் ஒரு வருடம் தபால்காரனைப் பார்த்தேன்.

மடம் வேண்டாம், என் முற்றத்தில்தான் பந்தி என்று தர்மகர்த்தாவிடம் போய்ச் சொன்னேன். அவர் வாசலில் நின்றபடியே, "ஆமி கை நனைச்ச வீடு. இந்த நேரத்திலை ஆக்கள் வாறதுக்குப் பயப்பிடுவினம்," என்றார். பார்த்தீர்களா? புதிதாய் ஒரு காரணம் கிடைத்தவுடன் பழையதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

குடிபூரல் அன்று நான் ஒன்று செய்தேன். சோடா வாங்கவில்லை. ஒரு போத்தல்கூட.

விடியப் பால் காய்ச்சினோம். என் ஆட்கள், லொறிக்காரர், மேசன்மார் எல்லோரும் வந்து சாப்பிட்டார்கள். அவர்கள் எப்போதும் சாப்பிடுகிறவர்கள்தான். மத்தியானத்துக்குக் கிட்ட மற்றவர்கள் வந்தார்கள். பயம் என்று சொன்ன தர்மகர்த்தாவே முன்னுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய மச்சான், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். கதிரையில் இருந்தார்கள். மாடியைப் பார்த்தார்கள். "நல்ல காற்று," என்றார்கள். நல்ல வெயில்தான் அடித்தது. நான் வெற்றிலைத் தட்டத்தை வைத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

ஒருவர் தொண்டையைச் செருமினார். "தம்பி, குடிக்க ஏதும்..."

"மோர் இருக்கு அண்ணை. பாயாசம் இருக்கு. இலையும் போட்டிருக்கு."

"இல்லை... ஒரு சோடா எண்டால் காணும்."

"சோடா இல்லை."

"என்ன, இல்லையோ?"

"இண்டைக்கு இந்த வீட்டிலை சோடா இல்லை. சோறு இருக்கு."

எழும்பிப் போனால் அவமரியாதை, இருந்தால் தாகம். தர்மகர்த்தா சால்வையால் முகத்தைத் துடைத்தார். என் மனிசி குசினி வாசலில் அகப்பையோடு நின்றாள். அன்றைக்குக் கட்டிய கூறைச்சேலை, நெற்றியில் வேர்வை. என் வாழ்க்கையில் நான் கதைக்காமல் அவ்வளவு நேரம் நின்றது அன்றைக்குத்தான். கொஞ்சத்தால் தர்மகர்த்தா எழும்பி, "நல்ல காரியம். இன்னொரு நாளைக்கு ஆறுதலாய் வாறம்," என்றார். மற்றவர்களும் எழும்பினார்கள். படலை வரைக்கும் போய் வழியனுப்பினேன். தென்னோலைக் கிடுகுப் பந்தலுக்குள் இலை இலையாய்க் காய்ந்துகொண்டு கிடந்தது.

திரும்பி வந்து பார்க்கிறேன், தர்மகர்த்தாவின் மச்சான் போகவில்லை. பின்பக்கம் பந்தலின் மூலையில் இலைக்கு முன்னால் இருக்கிறார். என் மனிசி சோறு போடுகிறாள். பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், முருங்கைக்காய்ப் பால்கறி, ஒன்றும் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வடையைப் பாயாசத்தில் பிசைந்து சாப்பிட்டார். "பாயாசம் இன்னும் கொஞ்சம் விடு, பிள்ளை," என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. சாப்பிட்டு முடிய இலையை நான் எடுத்தேன். வீட்டுக்காரன் இலை எடுப்பதில்லை, தெரியும். நான் எடுத்தேன். அவர் கையைக் கழுவிவிட்டுப் பின்வேலியில் பிரிந்திருந்த பொட்டுக்குள்ளால் குனிந்து போனார்.

அன்றிரவு நானும் மனிசியும் சண்டை பிடிக்கவில்லை. அதுவே பெரிய காரியம். மிச்சச் சோற்றை மாட்டுக்கு வைத்துவிட்டு வந்து, "மூண்டு தரம் பாயாசம் வாங்கினவர்," என்றாள். சிரித்தாள். ஊர் வரவில்லை, ஒருத்தன் வந்தான். நாகா மலையில் இதற்குச் சால்வையின் ஒரு நூல்கூடத் தரமாட்டார்கள். ஆனாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அந்த மனிதர் மில்லுக்கு ஒரு பை அரிசியோடு வந்தார். மில்லில் ஊர்ச்சனம் நிறைந்து நின்றது. யாரோ அவரைச் சீண்டினார்கள்: "என்ன அண்ணை, குடிபூரலுக்குப் போய்ப் பிந்தி வந்தனியளாம்? சாப்பாடு எப்பிடி?"

அவர் முகம் கறுத்தது. "என்ன கதை கதைக்கிறியள்? நான் உவன்ரை வீட்டிலை பச்சைத் தண்ணியும் வாயிலை வைக்கேல்லை."

என் முன்னால், என் மில்லுக்குள், என் மெசினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்கிறார். நான் என்ன செய்வது? என்ஜினை நிற்பாட்டினேன். எல்லோருக்கும் கேட்க வேண்டுமே.

"பச்சைத் தண்ணி குடிக்கேல்லைத்தான் அண்ணை. பாயாசம் குடிச்சனியள். மூண்டு தரம். உங்கடை எச்சில் இலையை நான்தான் இந்தக் கையாலை எடுத்தனான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அரைக்காத அரிசிப் பையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கி நடந்தார். கோயிலில் அவரைக் கூப்பிட்டு விசாரித்ததாகவும், அவர் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்ததாகவும் பிறகு கேள்விப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனிசி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள், நிமிரவில்லை. "ஊரிலை ஒருத்தன் எங்கடை சோத்தைத் திண்டவன். அவனையும் கலைச்சுப்போட்டியள்."

"நான் பொய்யோ சொன்னனான்?"

"ஆர் பொய்யெண்டது?"

இதில் என் பிழை என்ன என்று அவளும் சொல்லவில்லை, ஒருவரும் சொல்லவில்லை. தின்றவன் தின்றேன் என்று சொன்னால் முடிகிற காரியம். அதற்குப் பிறகு அந்த மனிதர் பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, என் மில்லைத் தாண்டி, அடுத்த ஊர் மில்லுக்குப் போகத் தொடங்கினார். அங்கே மா சொரசொரப்பாகத்தான் விழும். அது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் போனார்.